சம்பா ஆறு கிலோ

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு, விழா, சுற்றுலா போன்ற பொறுப்புகளுக்குப் போட்டி இருக்கும். குப்பை சம்பந்தப்பட்ட பொறுப்புக்கு மட்டும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத ஆசிரியரைத் தேடிப் பிடிப்பார்கள். இதைப் படிக்கிற ஆசிரியர்கள் தலையாட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆசிரியர் அல்லாதவர்களும் அலுவலகத்தில் இப்படி மாட்டியிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே இனம், வாருங்கள்.

கூட்டத்துக்கு வராதவள்

அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. ஜொகூரில் எங்கள் உலு திராம் டவுனில் பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்து படுத்திருந்த அதே நேரத்தில் பள்ளியில் பொறுப்பு பிரித்திருக்கிறார்கள். மறுநாள் வீங்கின கன்னத்தோடு வந்தால் அறிவிப்புப் பலகையில் என் பெயர் மின்னுகிறது. சுற்றுச்சூழல் கழகம்: புவனா டீச்சர். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: மாணவர் குப்பைத் தணிக்கை.

தணிக்கை என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கப் பள்ளியில் சேரும் குப்பையை லாரியில் ஏற்றாமல் வைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை அதை ஒரு கன்வாஸ் விரிப்பில் கொட்டி, வகை பிரித்து, நிறுத்து, எது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் ஓரமாக நின்று வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு ஆகாது. பல் பிடுங்கின அன்றைக்குக்கூட டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். "என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி சார் எம்பேரைப் போட்டீங்க?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கத்தினேன். அவர் நல்ல மனிதர், அவருக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னார்: "நீங்க வரலன்னதும்தான் டீச்சர், உங்க ஞாபகமே வந்துச்சு."

கையுறை

நாற்றம் பிடித்த வேலை, யாருக்கு இஷ்டம் என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். முதலில் கை தூக்கியது லோஷினி. நான் வெண்பலகையில் கோடு கோணலாகப் போட்டால் எழுந்து வந்து அழித்து நேராகப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை அவள். அவளையே தலைவியாக வைத்தேன். கையுறையும் முகக்கவசமும் கொடுத்து அனுப்புங்கள் என்று பெற்றோர் வாட்சப் குழுவில் செய்தி போட்டேன்.

மறுநாள் காலை லோஷினியின் அம்மா பள்ளி வாசலில் நிற்கிறார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபார்மோடு அப்படியே வந்திருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் நாலு பதில் தயார் செய்துகொண்டு போனேன். சண்டையே இல்லை, குரல்கூட உயரவில்லை. "எங்க பாட்டன் எஸ்டேட்ல கக்கூஸ் வாளி தூக்கினவரு டீச்சர். எங்கம்மா டவுன்ல ஆபீஸ் கூட்டினாங்க. நான் மெஷின் தொடைக்கிறேன். எங்க குடும்பத்துல அடுத்தவங்க அழுக்கைத் தொடாம வளரப்போற மொத ஆளு இவதான்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

பாடத்திட்டம், சுகாதாரம், செயல்வழிக் கற்றல் என்று தயார் செய்திருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். லோஷினி எதையும் தொட வேண்டாம், எழுதட்டும், பிரிப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அதற்குச் சம்மதித்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: "எழுதட்டும் டீச்சர். ஆனா கையில வாசம் வந்துச்சுன்னா நான் கண்டுபிடிச்சிருவேன்."

பேர் எழுதின பொட்டலம்

முதல் தணிக்கை. ஆறாம் ஆண்டுப் பையன்களின் வகுப்பில்தான் குப்பை மலைபோல் இருக்கும் என்று ஆசிரியர் அறையில் பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொரு தோங்காகத் தூக்கி வந்து கொட்டினார்கள். குப்பைத் தொட்டிக்கு இங்கே எல்லாருக்கும் தோங்தான். நெகிழியில் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? எங்கள் ஆசிரியர் அறைத் தோங். கயிறு கட்டின ஐஸ் தேநீர்ப் பைகளும் உறிஞ்சுகுழல்களும் முறுக்குப் பொட்டலங்களுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள், ஆனால் தோள் குலுங்குவதை எப்படி மறைக்க முடியும்?

தேவன் சார் அறிவியல் ஆசிரியர். மாடிப்படியில் 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்று ஆள் உயரத்துக்குப் படம் வரைந்து வைத்தவர். குழுவில் வாய் நீளமான பையன் ஒருவன் உண்டு, கவின் என்று பெயர். அவன் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி, கடைக்காரம்மா அதன் மேல் பேனாவால் எழுதியிருந்ததை ஊருக்கே கேட்கும்படி வாசித்தான்: "தேவன் சார், சம்பல் கூட!" அப்புறம் இன்னொன்று, அதிலும் அதே எழுத்து. சத்தம் கேட்டு வந்த தேவன் சார் இரண்டையும் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே புவனா டீச்சர்னு பேர் சொல்லித்தான் பொட்டலம் தப்பாவ் பண்ணணும்லா."

எடை போடாத ரொட்டி

அதே காலை, அதே கவின். தங்கள் வகுப்புத் தோங்கைக் கிளறிக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயை மூடினான். நான் அவன் பக்கம் திரும்பியதே சத்தம் நின்றுபோனதால்தான். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம், பிரிக்கவே இல்லை. காயா ஜாம் தடவி, நாலு ஓரமும் நறுக்கி, அழகாகச் சுற்றியது. அவன் அப்பாவை எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுகிற ஜொகூர்க் கூட்டத்தில் அவரும் ஒருவர். போன தடவை பெற்றோர் சந்திப்பில், "பையன் முகத்தை முழிப்பா பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான் டீச்சர், அதான் காலைல ரொட்டியாச்சும் நானே செஞ்சு வச்சிட்டுப் போறேன்" என்று சிரித்தார்.

லோஷினி பேனாவோடு காத்திருந்தாள். எல்லாவற்றையும் நிறுத்து எழுத வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கவின் அந்தப் பொட்டலத்தை விரிப்பில் வைக்கவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையில் பிடித்திருந்தான். அவன் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்: "டீச்சர், இத மட்டும் எடை போட வேணாம்."

சுவரில் ஒட்டின சோறு

தணிக்கை முடிந்ததும் லோஷினி பெரிய மணிலா அட்டையில் அழகாகக் கட்டம் போட்டு எழுதினாள். தாள், நெகிழி, சோறு. கடைசியில் பிரிக்கவே முடியாத ஒரு கூளம் மிஞ்சியது, ஈரமும் மண்ணும் டிஷ்யூவும் ஒட்டிப் பிசைந்த சமாசாரம். அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'கலப்புக் கழிவு' என்று என் நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமே. அவள் வீட்டில் சொல்கிற பெயரையே எழுதினாள். மலாயில் குப்பைக்கு சம்பா. நம் வீடுகளிலும் இப்போது அதுதான். 'சம்பா கொட்டிட்டு வாடா' என்றால்தான் பிள்ளைகள் எழுந்திருக்கும். ஆக, அட்டையில் கடைசி வரி: சம்பா, ஆறு கிலோ. அதைக் கொண்டுபோய் கேண்டீன் சுவரில் ஒட்டினோம்.

இப்போது நாச்சியப்பன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், டவுனில் பெரிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். தணிக்கைக்குத் தராசு கொடுத்ததும் அவர்தான். அதைவிட முக்கியமாக, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தில் இலவசமாகச் சோறு போட வேண்டும் என்று மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்புகிறவர். சமைத்துப் போடுவது கேண்டீன் நடத்தும் பாக்கியம் அக்கா. ஐயா அனுப்புகிற அரிசி எது? சம்பா. தலைமுறை தலைமுறையாக அரிசி விற்ற குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எப்படித் தோன்றும்?

தராசை எடுத்துப்போக வந்தவர் அட்டைமுன் நின்றார். கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "நான் கொடுத்த அரிசியத் தோங்ல கொட்டி, அத என் தராசுலயே நிறுத்து, செவுத்துலயும் எழுதி ஒட்டிட்டீங்களா?"

விளக்கம் சொல்லி வாங்கிக்கட்டினது

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ ஐயா, அது அந்தச் சம்பா இல்ல, தோங் சம்பா! குப்பை!" என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததும் அவரும் சிரித்தார். "அட, சம்பாவா! என் பேத்தியும் அப்படித்தான் சொல்லும்" என்று தலையில் தட்டிக்கொண்டார். ஆபத்து தாண்டியது என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு திரும்பி வருவதற்குள் அவர் விரல் ஒரு வரி மேலே நகர்ந்துவிட்டது. சோறு, பதினோரு கிலோ.

அலமாக்! சோற்றுக்கு மலாயில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லையே, நான் என்ன சொல்லித் தப்பிக்க? ஐயாவின் சிரிப்பு போய்விட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில்தான் கேண்டீன் குத்தகையைப் புதுப்பிக்கிற பேச்சு வருகிறது. நகெட்டும் மீ நூடுல்ஸும் விற்க வேறொருவர் மனு போட்டுக் காத்திருந்தார். பாக்கியம் அக்காவின் கணவர் துறைமுகத்தில் காலில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். அந்தக் குடும்பம் முழுக்க இந்தக் கேண்டீன் அடுப்பை நம்பித்தான் ஓடுகிறது. பிள்ளைகள் சாப்பிட முடியாத சோற்றை ஆக்கிப் போடுகிறவர் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் போதும், கதை முடிந்தது. இதையெல்லாம் நான் ஐயாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் வியாபாரி. "அரிசின்னு நெனச்சப்ப ஆறு கிலோ டீச்சர். நீங்க விளக்கம் சொன்னப்புறம் பதினொண்ணாயிருச்சு."

பாக்கியம் அக்கா

செய்தி கேண்டீன் அடுப்படிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? ஓய்வு நேரத்துக்குள் போய்விட்டது. லோஷினி அழுத கண்ணோடு என்னிடம் ஓடி வந்து, "அட்டையைக் கிழிச்சிரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், என் கையும் கிழிக்கத்தான் அரித்தது. எந்த வேலையில் அடுத்தவர் வயிற்றில் அடிக்க வேண்டி வருகிறதோ அந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் சுவரிடம் போனோம்.

அங்கே அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், கையில் சோற்றுக் கரண்டியோடு. கண்ணாடி கொண்டுவரவில்லை போல, எட்ட நின்று கண்ணைச் சுருக்கி வாசித்தார். அட்டையின் மூலையைப் பிடித்த லோஷினியின் கையை மெல்ல எடுத்துவிட்டார். கோபமில்லை. "கிழிக்காதம்மா. நீங்க எழுதினது பொய்யில்ல, தெனமும் அந்தத் தோங்கத் தூக்கறவ நான்தானே" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்: "ஆனா எஞ்சோறு நல்லா இல்லன்னா போடறாங்க? அதையும் கேட்டு எழுதச் சொல்லுங்க டீச்சர். நல்லா இல்லன்னு சொன்னா நானே போயிடறேன்."

அம்மா கொண்டுவந்த பை

அன்று மதியமே பிள்ளைகள் கூடினார்கள். மறுபடி ஒரு தணிக்கை செய்வது, ஆனால் இந்த முறை குப்பையை மட்டும் பார்க்காமல் போடுகிற ஆளையும் பார்ப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். திட்டக் கூடாது, முறைக்கக் கூடாது, 'ஏன்' என்று கேட்க மட்டும்தான் வேண்டும். இதுவும் லோஷினி போட்ட சட்டம்தான். அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்தத் தடவை தானும் கிளறப் போகிறாளாம். சோறு கிடந்த தட்டை ஒரு தடவைகூடக் கிட்டப் போய்ப் பார்க்காமல், மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதினதுதான் தப்பாம். அன்றிரவு ஷிப்டில் இருந்த அவள் அம்மாவுக்கு நான் போன் செய்தேன். இந்த முறை ஒரு பதிலும் தயார் செய்து வைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். எதிர்முனையில் மெஷின் சத்தம் இரைந்தது. அதற்கு நடுவே, "நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அதே யூனிபார்ம், அதே களைத்த கண். தோள்பையிலிருந்து புத்தம்புது ரப்பர் கையுறை ஒரு ஜோடி எடுத்தார், முழங்கைவரை வரும் தடித்த ரகம், சின்ன அளவு. குழுவுக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த மெல்லிசு உறை கிழிந்துவிடுமாம், அதனால் வேலை முடிந்து கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்திருக்கிறார். மகளின் கையில் தானே மாட்டிவிட்டு, விரல் நுனிகளை இழுத்துப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல், மகளின் கையைப் பார்த்தபடியே சொன்னார்: "தொடட்டும் டீச்சர். யாருக்காகத் தொடறோம்னு ஒண்ணு இருக்குல்ல."

பெல்லு

ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு தோங் பக்கத்திலும் ஒரு பிள்ளை நின்றது. பெரிய வகுப்புகளில் ஒன்றுமில்லை. காரம் என்றார்கள், பசிக்கவில்லை என்றார்கள், ஒருவன் மட்டும் காதல் தோல்வி என்று சொல்லி ஓடிவிட்டான். மிச்சச் சோற்றில் பெரும்பங்கு முதலாம் ஆண்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது, அதாவது நாச்சியப்பன் ஐயாவின் அரிசி. ஆனால் லோஷினி தட்டுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டே வந்து பாதியில் நின்றிருந்தது. "பிடிக்காதவங்க இப்படித் திங்க மாட்டாங்க டீச்சர். நடுவுல கிளறித்தான் வச்சிருப்பாங்க" என்றாள்.

மறுநாள் குழு முதலாம் ஆண்டு வகுப்பு வாசலிலிருந்தே பின்னால் போனது. பின்கட்டிலிருந்து வரிசை கலையாமல் நடந்து வர வேண்டும். இரண்டே குழாய், அதில் கை கழுவ வேண்டும். அதற்குள் பெரிய வகுப்புகள் முன்னால் வந்து நின்றிருக்கும். தட்டை வாங்கி உட்கார்ந்து வாயில் வைக்கிற நேரத்தில் ஓய்வு பாதிக்குமேல் முடிந்திருக்கும். அந்த வயதில் எல்லாருக்கும் முன்பல் விழுந்திருக்கும், பொக்கை வாயில் எதையும் மெதுவாகத்தான் மெல்ல முடியும். பல் பிடுங்கின எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். மணி அடித்ததும் மாணவர் தலைவர்கள் வந்து, "எழுந்திரு, லைன், லைன்!" என்பார்கள். மிச்சத்தை வகுப்புக்குக் கொண்டுபோய்த் தின்னலாமா என்றால், தூய்மை வகுப்புப் போட்டி இருக்கிறது, வகுப்பில் ஒரு பருக்கை கிடந்தாலும் மதிப்பெண் போய்விடும். வகுப்பைச் சுத்தமாக வைக்கத்தான் அத்தனை சோறும் தோங்குக்குப் போயிருக்கிறது.

கடைசியாகத் தட்டோடு வந்தது ஒரு பொடிசு. கவின் முட்டி போட்டு உட்கார்ந்து, கிண்டல் எதுவும் இல்லாமல், "ஏன்டா தம்பி சோத்தப் போட்ட?" என்று கேட்டான். அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது: "நான் போடலண்ணே. பெல்லுதான் போட்டுச்சு."

இது அரிசி

கூட்டத்துக்கு இந்தத் தடவை நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். பேசியது லோஷினி. அட்டையில் கடைசி வரியை அடித்துவிட்டு 'கலப்புக் குப்பை' என்று திருத்தியிருந்தாள். பின்வரிசையில் பாக்கியம் அக்கா முந்தானையை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தார். பொடிசு சொன்னதை லோஷினி அப்படியே சொன்னபோது மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். நாச்சியப்பன் ஐயா கேட்டார், "அப்ப யாரு மேலம்மா தப்பு?" அவள் அட்டையை ஒரு தடவை பார்த்தாள். "ஆளு மேல இல்லங்கய்யா. நேரம்தான் பத்தல" என்றாள்.

தலைமையாசிரியர் எழுந்தார். தூய்மை வகுப்புக் கோப்பை அவர் ஆசையாகத் தொடங்கியது, அதை விட்டுக்கொடுப்பாரா என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சொன்னேனே, அவருக்குப் பொய் வராது. "மணி அடிக்கச் சொன்னதும் நான், போட்டி வச்சதும் நான், அக்காவுக்கு இதுல சம்பந்தமில்ல" என்றார். முதலாம் ஆண்டை மற்றவர்களுக்கு முன்பே சாப்பிட விடுவது என்றும், முடிக்காத பிள்ளையை எழுப்பக் கூடாது என்றும் அன்றே முடிவானது. குத்தகை பாக்கியம் அக்காவுக்கே என்று முதலில் கை தூக்கியது நாச்சியப்பன் ஐயா. அக்கா அழுதார். நானும் அழுதேன், தேவன் சார் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் தேய்த்தார்.

அடுத்த தணிக்கையில் முதலாம் ஆண்டுச் சோறு ஒரு சின்ன வாளியில் அடங்கிவிட்டது. அந்த வாரம் ஐயா மூட்டையை ஏற்றிக்கொண்டு தானே வேன் ஓட்டி வந்தார். மூட்டைமேல் தடித்த மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'சம்பா. இது அரிசி. தோங்ல போடாதீங்க.' கேண்டீனே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மூட்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஐயாவிடம் கேட்டார்: "ஒண்ணுதானா ஐயா? பத்தாதே, பிள்ளைங்க இப்பத்தானே திங்கவே ஆரம்பிச்சிருக்குதுங்க!"

ஒரு பல்லைப் பிடுங்கப் போன நேரத்தில் தலையில் விழுந்த பொறுப்பே இத்தனை பேர் வயிற்றை நிரப்பியதென்றால் அடுத்த கூட்டத்துக்கும் போகாமல் இருந்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கழிவறைத் தணிக்கைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குப் பல் வலியே வருவதில்லை.